மானியக் கோரிக்கை எண் 43: தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வி நிதியைப் படிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டப்பேரவையில் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் ஒதுக்கீடு 44,042 கோடி. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஒரு தரப்பு "2,725 கோடி கூடுதல்" என்று பெருமைப்பட்டது. மறுதரப்பு "போதாது" என்றது. இரண்டையும் கேட்ட வாசகருக்கு, அந்தப் பணத்தில் எவ்வளவு ஆசிரியர் ஊதியம், எவ்வளவு கட்டடம், எவ்வளவு ஒன்றிய அரசிடமிருந்து வர வேண்டியது, சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு உண்மையில் செலவானது என்பவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அவை அனைத்தும் அரசே வெளியிடும் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் எடுத்துப் படிப்பது, எங்கே வழுக்கி விழ வாய்ப்புண்டு என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

படி 1: உரையை மூடிவிட்டு மானியக் கோரிக்கையைத் திறத்தல்

நிதியமைச்சரின் உரை, அரசு எதைச் சொல்ல விரும்புகிறது என்பதைக் காட்டுகிற ஆவணம். புதிய திட்டங்களின் பெயர்களும் பெரிய தொகைகளும் அதில் முன்னால் நிற்கும், ஆண்டுதோறும் தொடரும் செலவுகள் பின்னால் மறைந்திருக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி பேரவையில் வைக்கப்படும் ஆண்டு நிதிநிலை அறிக்கை, மாநிலத்தின் மொத்த வரவு செலவைத் தலைப்புவாரியாகத் தருகிறது. 203ஆம் பிரிவின்படி துறைவாரியாகப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கப்படுபவை மானியக் கோரிக்கைகள். பள்ளிக் கல்வித் துறைக்கான கோரிக்கையின் எண் 43. நமக்கு வேண்டிய முதன்மை ஆவணம் இதுதான். நிதித் துறையின் வரவு செலவுத் திட்ட இணையதளத்தில் இதை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

இதனுடன் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிதிநிலை அறிக்கை வந்த அன்றே அது வராது. மானியக் கோரிக்கை மீதான விவாத நாளன்றுதான் பேரவையில் வைக்கப்படும். பள்ளிகளின் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் பணியிடங்கள், திட்டங்களின் நிலை ஆகியவை அதில்தான் கிடைக்கும். பணத்தின் கணக்கு ஓர் ஆவணத்திலும் பிள்ளைகளின் கணக்கு மற்றோர் ஆவணத்திலும் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர் பாதிக் கணக்கைத்தான் படிக்கிறார்.

தேர்தல் ஆண்டில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 2021இல் நடந்தது போல, பிப்ரவரியில் இடைக்கால நிதிநிலை அறிக்கையும் தேர்தலுக்குப் பின் திருத்த நிதிநிலை அறிக்கையும் வரும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த திருத்த அறிக்கையே, மாநிலத்தின் முதல் காகிதமில்லா நிதிநிலை அறிக்கையும் ஆகும். ஒரே ஆண்டுக்கு இரண்டு எண்கள் உலவும்போது, எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: அலகைச் சரிபார்த்தல்

மானியக் கோரிக்கையில் தொகைகள் ஆயிரம் ரூபாய்களில் அச்சிடப்படுகின்றன. உரையில் 46,767 கோடி என்று கேட்ட தொகை, ஆயிரங்களில் எழுதும்போது 46,76,70,000 என்று நிற்கும். கடைசி நான்கு இலக்கங்களை மறைத்துவிட்டால் மீதமிருப்பது கோடி என்பது எளிய வழி. இந்த ஒன்றைக் கவனிக்காமல், இலட்சத்தைக் கோடி என்று எழுதிப் பரப்பியவர்கள் பலர்.

சில வரிகளில் வெறும் "1" என்று மட்டும் இருக்கும். அது அச்சுப் பிழை அன்று. ஆயிரம் ரூபாய் என்னும் அடையாள ஒதுக்கீடு அது: திட்டத்துக்கான கணக்குத் தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் பின்னர் துணை மதிப்பீடுகள் (ஆண்டின் நடுவே பேரவையில் கேட்கும் கூடுதல் தொகை) மூலமாகவோ மறு ஒதுக்கீடு (வேறு வரியிலிருந்து மாற்றும் தொகை) மூலமாகவோ வரலாம், வராமலும் போகலாம் என்று பொருள். அறிவிக்கப்பட்ட ஒரு திட்டத்துக்கு நேராக "1" என்று கண்டால் அந்த வரியைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டின் கோரிக்கையில் வரும் திருத்த மதிப்பீட்டில் (ஆண்டின் நடுவே மாற்றியமைத்த கணிப்பில்) அது என்னவாயிற்று என்று பார்க்க வேண்டும்.

படி 3: தலைப்பு எண்களைப் பிரித்தல்

இந்தியாவின் எல்லா மாநிலங்களும் ஒரே வகையான கணக்குத் தலைப்பு எண்களைப் பயன்படுத்துகின்றன என்பது படிப்பவருக்குப் பெரிய வசதி. 2202 என்பது பொதுக் கல்விக்கான வருவாய்ச் செலவினம். அதன் கீழ் 01 என்றால் தொடக்கக் கல்வி, 02 என்றால் இடைநிலைக் கல்வி, 03 என்றால் பல்கலைக்கழகம் மற்றும் உயர்கல்வி. 4202 என்பது கல்வி, விளையாட்டு, கலை, பண்பாடு ஆகியவற்றுக்கான மூலதனச் செலவினம்; வகுப்பறைக் கட்டடமும் ஆய்வகமும் இங்கேதான் வரும். முதல் இலக்கம் 2 என்றால் அன்றாடச் செலவு, 4 என்றால் நிலைத்து நிற்கும் சொத்து என்று நினைவில் வைத்தால் போதும். 789 என்னும் எண் ஆதிதிராவிடர்களுக்கான துணைத் திட்டப் பங்கையும், 796 பழங்குடியினருக்கான துணைத் திட்டப் பங்கையும் குறிக்கும்.

2202-03 பெரும்பாலும் உயர்கல்வித் துறையின் கோரிக்கையில் இருப்பதால், ஆண்டு நிதிநிலை அறிக்கையிலிருந்து 2202இன் மொத்தத்தை எடுத்துக்கொண்டு "பள்ளிக் கல்விச் செலவு" என்று எழுதுவது தவறு. கோரிக்கை 43இன் மொத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொது நூலக இயக்ககமும் இதே துறையின் கீழ் வருவதால், நூலகங்களுக்கான செலவு 2205 என்னும் தலைப்பில் அந்த மொத்தத்துக்குள் அடங்கியிருக்கிறது. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் நல்ல காரியம்தான். ஆனால் அதற்கான செலவை ஒரு கிராமப் பள்ளியின் கணக்கில் சேர்க்க முடியாது.

படி 4: ஒரு வரியை நான்கு பத்திகளில் படித்தல்

ஒவ்வொரு வரிக்கும் நேரே நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். 2025-26ஆம் ஆண்டின் கோரிக்கையை எடுத்துக்கொண்டால், 2023-24இன் கணக்குகள், 2024-25இன் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, 2025-26இன் மதிப்பீடு என்று வரும். செய்திகளில் வரும் ஒப்பீடு பெரும்பாலும் மதிப்பீட்டுக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலானது. அதாவது சென்ற ஆண்டு என்ன எண்ணியிருந்தார்கள், இந்த ஆண்டு என்ன எண்ணுகிறார்கள் என்பதன் வேறுபாடு. உண்மையில் செலவான தொகை "கணக்குகள்" பத்தியில் மட்டுமே உண்டு. அது இரண்டாண்டுகள் பின்தங்கியது என்பதால் செய்தி மதிப்பு குறைவு, சான்று மதிப்பு அதிகம்.

செய்ய வேண்டிய வேலை இது. கடந்த மூன்று ஆண்டுகளின் கோரிக்கை எண் 43ஐயும் எடுத்து, ஒரே ஆண்டுக்குரிய மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். ஊதிய வரிகளில் இம்மூன்றும் ஏறக்குறைய நெருங்கியே இருக்கும், ஏனெனில் பணியில் இருப்பவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் போட்டாக வேண்டும். இடைவெளி விரிவது கட்டடம், கருவிகள், பயிற்சி, ஒன்றிய அரசின் பங்கு சேர்ந்த திட்டங்கள் ஆகியவற்றில்தான். ஒரு வரி மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மதிப்பீட்டில் உயர்ந்தும் கணக்கில் தாழ்ந்தும் நின்றால், அந்தத் திட்டம் உரைக்காக ஒதுக்கப்படுகிறது என்று ஐயப்பட உங்களுக்கு இடமுண்டு. இறுதிச் சரிபார்ப்புக்கு இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் ஒதுக்கீட்டுக் கணக்குகள் உதவும். எந்தக் கோரிக்கையில் எவ்வளவு செலவிடப்படாமல் திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்பதை அவை கூறும்.

படி 5: உயர்வு எதனால் வந்தது என்று கேட்டல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கடந்த சில ஆண்டுகளின் ஒதுக்கீட்டு அறிவிப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்:

2020-21: 34,181.73 கோடி
2021-22 (திருத்த அறிக்கை): 32,599.54 கோடி
2022-23: 36,895.89 கோடி
2023-24: 40,299 கோடி
2024-25: 44,042 கோடி
2025-26: 46,767 கோடி

2021-22இலிருந்து 2022-23க்கு உயர்வு 13.2 சதவீதம். ஒரே ஆண்டில் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தது போலத் தெரிகிறது. ஆனால் அந்த இடைவெளியில் நடந்த ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் அரசு ஊழியர், ஆசிரியர்களின் அகவிலைப்படி 17 சதவீதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது; 2022 ஜனவரி 1 முதல் அது 31 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அடிப்படை ஊதியம் 100 ரூபாய் பெறும் ஓர் ஆசிரியருக்குப் படியுடன் சேர்த்து 117 ரூபாய் கிடைத்த இடத்தில் 131 ரூபாய் கிடைக்கத் தொடங்கியது; இது கிட்டத்தட்ட 12 சதவீத உயர்வு. ஒதுக்கீட்டின் பெரும்பகுதி ஊதியமாக உள்ள ஒரு துறையில், புதிதாக ஓர் ஆசிரியரையும் நியமிக்காமல், ஒரு கரும்பலகையையும் வாங்காமல், ஒதுக்கீடு எவ்வளவு உயரும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். அகவிலைப்படி ஆசிரியரின் உரிமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைப் புதிய முதலீடாகக் கணக்குக் காட்டுவதுதான் தவறு.

எனவே ஒவ்வொரு தலைப்பின் கீழும் உள்ள செலவின வகைகளில் "சம்பளங்கள்" என்னும் வரியைத் தனியே கூட்டுங்கள். அத்துடன் நின்றுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளோடு 8,000க்கும் மேற்பட்ட அரசு உதவிபெறும் பள்ளிகளும் இயங்குகின்றன. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் அரசே ஊதியம் தருகிறது. ஆனால் அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர் என்பதால், அத்தொகை சம்பளம் என்ற பெயரில் வராமல் உதவி மானியம் என்ற பெயரில் வரும். 2202-01இன் கீழ் 102ஆம் சிறுதலைப்பையும் 2202-02இன் கீழ் 110ஆம் சிறுதலைப்பையும் திறந்தால் அவற்றைக் காணலாம். பெயர் மானியம் என்றிருந்தாலும் அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் ஊதியமே. இதைச் சேர்க்காமல் ஊதியப் பங்கைக் கணக்கிட்டவர்கள், பள்ளிகளுக்கு ஏதோ பெரும் வளர்ச்சி நிதி போவதாகத் தவறாக முடிவு கட்டுவார்கள்.

ஓய்வூதியம் இதற்கு நேர் எதிரான சிக்கல். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஓய்வூதியம் கோரிக்கை எண் 43இல் இல்லை; எல்லாத் துறையினருக்கும் சேர்த்து 50ஆம் எண் கோரிக்கையில் இருக்கிறது. ஓய்வு பெறும் வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டபோது, ஓய்வூதியக் கணக்குக்குச் சென்றிருக்க வேண்டிய மூத்த ஆசிரியர்கள் உயர்ந்த ஊதியத்துடன் பள்ளிக் கல்விக் கணக்கிலேயே நீடித்தார்கள். 2020க்குப் பிந்தைய ஊதியச் செலவை அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர் இதை மறக்கக் கூடாது.

படி 6: கோரிக்கை எண் 43க்கு வெளியே தேடுதல்

அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தைக்காக அரசு செய்யும் செலவு முழுவதும் பள்ளிக் கல்வித் துறையின் கணக்கில் வருவதில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் பொறுப்பில் உள்ளவை. அவற்றைக் கோரிக்கை எண் 45இல் தேட வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் செலவு 4ஆம் கோரிக்கையில் உள்ளது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையைச் சேர்ந்தவை; அவற்றுக்கு 9ஆம் கோரிக்கை. இவற்றையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023-24 நிதிநிலை உரை அறிவித்தபோது எதிர்ப்பும் எழுந்தது. இத்தகைய மாற்றம் நடக்கும் ஆண்டில் ஒரு கோரிக்கை வீங்கும், மற்றொன்று மெலியும். பிள்ளைக்குச் செல்லும் பணம் மாறியிருக்காது.

கட்டடங்களில் இன்னும் கவனம் வேண்டும். கிராமங்களில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியருக்கு ஊதியம் தருவது பள்ளிக் கல்வித் துறை. வகுப்பறை கட்டித் தருவது பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறை. ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022-23இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், 2023-24க்கு 1,500 கோடியும் 2024-25க்கு 1,000 கோடியும் ஒதுக்கப்பட்டதாக உரைகள் கூறின. 4202ஐ மட்டும் பார்த்து, இவ்வளவு தொகை இதில் காணவில்லையே என்று அவசரப்பட்டு எழுதிவிடாமல், ஊரக வளர்ச்சித் துறையின் 42ஆம் கோரிக்கையையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைப் பள்ளி நிதியில் நான் சேர்க்க மாட்டேன். காலை உணவைச் சேர்ப்பேன். வேறொருவர் வேறு விதமாகக் கருதலாம், ஆனால் எந்த ஆண்டுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும்.

படி 7: ஒன்றிய அரசின் பங்கைத் தனியே எழுதுதல்

1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்குச் சென்றதன் விளைவுகளில் ஒன்று, மாநிலக் கணக்கில் ஒன்றிய அரசின் பணமும் கலந்திருப்பது. 2018இல் அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வி ஆகியவற்றை ஒன்றாக்கி உருவான சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒன்றியத்தின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. இரு பங்குகளும் செலவுப் பக்கத்தில் கோரிக்கை எண் 43இல் ஒதுக்கீடாக நிற்கும். ஒன்றியத்தின் பங்கு வரவுப் பக்கத்தில் 1601 என்னும் தலைப்பில், ஒன்றிய அரசிடமிருந்து வரும் உதவி மானியமாகக் காட்டப்படும். செலவுப் பக்கத்தை மட்டும் படிப்பவருக்கு, வராத பணமும் வந்த பணமும் ஒன்றாகவே தெரியும்.

2024-25இல் இது ஏட்டளவுக் கேள்வியாக இல்லாமல் உண்மையான நெருக்கடியாகவே மாறியது. அந்த ஆண்டுக்கு ஒப்புதல் பெற்ற 3,586 கோடி ரூபாயில் ஒன்றியத்தின் பங்கான 2,152 கோடி விடுவிக்கப்படவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததே காரணம் என்பது வெளிப்படையாகவே பேசப்பட்டது. அந்தத் தொகையை மாநில அரசு தன் நிதியிலிருந்து ஈடுகட்டியதாக 2025-26 உரை கூறியது. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. ஆகவே 2024-25ஐப் படிப்பவர் 1601இன் கீழ் திருத்த மதிப்பீட்டையும், 2202இன் கீழ் சமக்ர சிக்‌ஷா வரியின் திருத்த மதிப்பீட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். வரவு குறைந்து செலவு குறையாமல் இருந்தால் மாநிலம் தாங்கியிருக்கிறது. இரண்டும் குறைந்திருந்தால் அந்தச் சுமை பள்ளிகளின் தலையில் விழுந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கான கட்டண ஈட்டுத் தொகையும் இத்திட்டத்தோடு பிணைந்திருப்பதால், அதன் நிலுவையையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

படி 8: விகிதம் காணும்போது வகுக்கும் எண்ணைச் சொல்லுதல்

2025-26இல் மாநிலத்தின் வருவாய்ச் செலவினம் 3,73,204 கோடி. அதனோடு ஒப்பிட்டால் பள்ளிக் கல்வி 12.5 சதவீதம். மூலதனச் செலவையும் நிகரக் கடன்களையும் சேர்த்த மொத்தச் செலவான 4,39,293 கோடியோடு ஒப்பிட்டால் 10.6 சதவீதம். இரண்டும் சரி. முதலாவதில் மேலே உள்ள எண்ணில் (வகுபடும் 46,767 கோடியில்) சிறிது மூலதனச் செலவும் கலந்திருப்பதால், அது தோராயமானது. ஆனால் ஓர் ஆண்டுக்கு ஒரு வகுக்கும் எண்ணும் அடுத்த ஆண்டுக்கு வேறொன்றும் எடுத்துக்கொண்டால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். ஒன்றிய அரசு அமைத்த கல்விக் குழுவான கோத்தாரிக் குழு பரிந்துரைத்த 6 சதவீதம், நாட்டின் மொத்த வருமானத்தில் ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து எல்லா நிலைக் கல்விக்கும் செலவிட வேண்டிய அளவு. அதை மாநிலப் பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. மாணவர் ஒருவருக்கான செலவைக் காணும்போது, உதவிபெறும் பள்ளிகளுக்கான மானியத்தை மேலே சேர்த்திருந்தால் அவற்றின் மாணவர்களையும் கீழே சேர்க்க வேண்டும்.

படி 9: உங்கள் ஊர்ப் பள்ளியில் தொடங்கி மேலே வருதல்

இதுவரை மேலிருந்து கீழே பார்த்தோம். கீழிருந்து மேலே பார்ப்பதற்கு மிக எளிய நூல்முனை, சமக்ர சிக்‌ஷாவின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். அதன் நெறிமுறைப்படி, 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சுண்ணக்கட்டி, மின்கட்டணம், சிறு பழுதுபார்ப்பு எல்லாம் இதற்குள்தான். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பள்ளியின் மாணவர் எண்ணிக்கை தெரிந்தால் அதற்கு வர வேண்டிய தொகை தெரிந்துவிடும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தந்துள்ள பணிகளில், மானியம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதைக் கண்காணிப்பதும் ஒன்று. குழுவில் உறுப்பினராக உள்ள பெற்றோர் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இந்த ஆண்டு மானியம் எந்தத் தேதியில் வந்தது, ஒரே தவணையாகவா பல தவணைகளாகவா, பயன்பாட்டுச் சான்றிதழ் எப்போது அனுப்பப்பட்டது. தேதி முக்கியம். ஜூனில் வேண்டிய பணம் பிப்ரவரியில் வந்து சேர்ந்தால் கணக்கில் முழுச் செலவு என்றே பதிவாகும். ஆனால் அதுவரை தலைமையாசிரியர் தன் கைப்பணத்தைப் போட்டிருப்பார், அல்லது கழிப்பறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கும்.

பள்ளியில் விடை கிடைக்காவிட்டால், தொடக்கப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்பலாம். 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்ற பதில் வரும். "கடந்த மூன்று நிதியாண்டுகளில் எங்கள் ஒன்றியத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் விடுவிக்கப்பட்ட மானியத் தொகை, விடுவித்த தேதி, திருப்பி ஒப்படைக்கப்பட்ட தொகை ஆகியவற்றின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வந்ததும், நான்காம் படியில் நீங்கள் எழுதி வைத்த சமக்ர சிக்‌ஷா வரியின் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, கணக்கு ஆகிய மூன்றுக்கும் அருகில் நான்காவது பத்தியாக அதை எழுதிவிடலாம்.